பத்து வருஷப் பாட்டு

எங்கள் சுரக்குடியில் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆயுசு எத்தனை என்று கேட்டமாத்திரத்தில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் என் சித்தப்பா. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், எதற்குப் பொய்?

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு இருபத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். தினமும் சைக்கிளில் போய்விட்டு சைக்கிளில் வருவார். அங்கே போய் அவர் என்ன செய்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் என்ன செய்தார் என்பது திருநள்ளாறு வரைக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் படம் வெளிவருவதற்கு ரொம்ப முன்னாலேயே பாட்டுகள் இசைத்தட்டாக வந்துவிடும். காரைக்கால் கடைத்தெருவில் சைக்கிள் கடையையும் இசைத்தட்டுக் கடையையும் ஒரே கூரைக்குக் கீழே நடத்திய பாய் ஒருவர், புதுத் தட்டு வந்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் அதைச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புவார். "தம்பி, கீறல் மட்டும் விழக்கூடாது. திங்கக்கிழமை கடை தொறக்கையில இன்ஷா அல்லா எங் கைக்கு வந்துடணும்" என்பார். சித்தப்பா சொல்வதைக் கேட்டுத்தான் அந்தத் தட்டில் இன்னும் எத்தனை வரவழைப்பது என்று அவர் முடிவு செய்வாராம். வானொலியில் அந்தப் பாட்டுகள் வர இன்னும் சில வாரங்கள் ஆகும். ஆகவே எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அவை முதன்முதலாகக் கேட்கும் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வேன். சென்னையில் பாடியவர்களே அதற்குப் பிறகுதான் கேட்பார்கள் என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

தட்டு ஓட்டும் பெட்டி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் கொடுத்தது. அதன் பிளக் எங்கள் ஊர் ஓட்டைக்குள் நுழையாது. சித்தப்பா அதை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு கம்பிகளையும் ஓட்டைக்குள் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கி வைத்திருந்தார். அந்தப் பக்கம் போனால் முதுகுத் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா எனக்கு உத்தரவு போட்டிருந்தார். உத்தரவு போட்டுவிட்டு அங்கேயே பாயை விரித்துத் தூங்குவார். பாட்டுக் கேட்பதில் அவருடைய பங்கு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எல்லாரும் ஆண்கள். பெண்பிள்ளை என்றால் நான் ஒருத்திதான், அதுவும் இன்னும் பாவாடை சட்டை போடுகிறவள் என்பதால். சித்தப்பா தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் விளிம்பில் பிடித்து வைப்பார். முள்ளை இறக்குவார். கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாகச் சாய்த்து, இடது காதை அடுப்படிக் கதவுப் பக்கம் திருப்பிக்கொள்வார். பாட்டு முடிகிறவரை அசையமாட்டார். முடிந்ததும் தீர்ப்பு.

தீர்ப்பில் நாலு வகை. ஒரு வாரம், ஒரு தீபாவளி, ஒரு வருஷம், பத்து வருஷம். அந்தப் பாட்டு எத்தனை காலம் ஜனங்கள் வாயில் இருக்கும் என்ற கணக்கு அது. கூடவே ஒரு வரி விமர்சனமும் வரும். "வாசல்ல பெரிய கோலமாப் போட்டிருக்கான், உள்ள போனா வீட்டுல ஆளில்ல" என்றால் ஆரம்ப இசை மட்டும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். "பல்லவி வரைக்கும் நல்லாத்தான் பாடுனாங்க, அப்பறம் எல்லாருக்கும் பசி வந்துடுச்சு போலருக்கு" என்றால் சரணம் சரியில்லை. ஊரே குதித்த ஒரு பாட்டை ஒரு வாரம் என்றார், அது எட்டாவது நாள் காணாமல் போயிற்று. யாரும் சட்டை செய்யாத ஒரு தாலாட்டை, தட்டின் பின்பக்கம் கடைசியில் கிடந்ததை, பத்து வருஷம் என்றார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம்கூட நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில் அதைக் கேட்டேன்.

எனக்கு அவர்மேல் இருந்த பக்தியைச் சொல்லி முடியாது. அவரைப் போலவே நானும் கண்ணை மூடி இடது காதைத் திருப்பிக்கொண்டு உட்காருவேன். சங்கீதம் இடது காதில்தான் ஒழுங்காக ஏறும் என்று என் வகுப்பில் சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்தின்போது ஐந்தாறு பெண்கள் வலது காதைப் பொத்திக்கொண்டு நின்று டீச்சரிடம் அடி வாங்கினார்கள்.

நிலத் தகராறு ஒன்றுக்காக அப்பா ஒருமுறை என்னைக் காரைக்கால் கோர்ட்டுக்குக் கூட்டிப்போயிருந்தார். அங்கே நீதிபதியைவிட எனக்குப் பிடித்துப்போனது சிவப்புப் பட்டை மாட்டிய டவாலிச் சேவகர்தான். அவர் ஒரு அதட்டல் போட்டால் வக்கீல்களே அடங்கினார்கள். ஊர் திரும்பியதிலிருந்து சித்தப்பாவின் கோர்ட்டுக்கு நானே டவாலி ஆகிவிட்டேன். யாரும் நியமிக்கவில்லை. இருமுகிறவர்களை முறைப்பேன். வெற்றிலைச் செல்லத்தை டக்கென்று மூடுகிறவரைப் பார்த்து வாயில் விரல் வைப்பேன். அப்பாவின் குறட்டை எல்லை மீறினால் காலால் ஒரு இடி.

என் அதிகாரத்துக்கு அடங்காத சத்தம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் ஆட்டுக்கல்.

கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு கனத்த பலாமரக் கதவு உண்டு. அது எப்போதும் திறந்தே கிடக்கும். உள்ளே நுழைந்ததும் சுவரோரம் ஆட்டுக்கல். திங்கட்கிழமை இட்லிக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரைத்தாக வேண்டும். சூரியன் மேற்கே உதித்தாலும் எங்கள் வீட்டில் அது மாறாது. பாட்டு ஓடும்போது அடியில் குடுகுடுவென்று அந்தக் கல்லும் ஓடிக்கொண்டிருக்கும். சித்தப்பா பேசாமல் இருப்பதால் நானும் பேசாமல் இருந்தேன். ஆனால் எனக்கு அது பெரிய மனக்குறை.

அம்மா வரிச்சிக்குடிக்காரி. எட்டாவது வரைக்கும் படித்தவள். வாய் கொஞ்சம் துடுக்கு. முள்ளை இறக்கும் முன்னால் சித்தப்பா சில சமயம் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவார்.

"அண்ணி, செத்த வந்து உக்காந்து கேளுங்களேன்."

"நல்லாருக்கு தம்பி. நான் வந்து உக்காந்துட்டா நாளைக்கு இட்லிச் சட்டியில ஒங்க பிளேட்டையா அடுக்கி வைக்கிறது?"

கூடம் சிரிக்கும். அந்த ஆண்களுக்கு நடுவில் வந்து உட்காருவது நடக்காத காரியம் என்று அம்மாவுக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும். இருந்தும் அவர் கூப்பிடாமல் இருந்ததில்லை. எனக்குத்தான் எரிச்சலாக வரும். பாட்டைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் திங்கட்கிழமை காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே முந்தின நாள் பாட்டை முணுமுணுப்பாள். பாட்டை மட்டும் இல்லை, நடுவில் வரும் புல்லாங்குழல், வயலின் எல்லாவற்றையும் வாயாலேயே வாசிப்பாள். "நீ எப்பம்மா கேட்ட?" என்று கேட்டால், "செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தா காது கழண்டா விழுந்துடும்?" என்பாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு வர வேண்டித் தள்ளிப்போன இரண்டு படங்களின் இசைத்தட்டுகள் ஒரே வாரத்தில் வந்தன. பாய் கடையில் இரண்டிலும் ஒவ்வொன்றுதான் இருந்தது, அடுத்த பார்சல் வர நாளாகும். அதே சமயத்தில்தான் எங்கள் ஊர் மைக்செட்காரருக்கும் சோதனை வந்தது.

அவரிடம் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளும், பாட்டோடு சேர்ந்து தானும் முனகுகிற ஒரு ஆம்ப்ளிபயரும் இருந்தன. சுற்றுவட்டாரக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் அவர்தான். அந்த வருஷம் டவுனிலிருந்து புதிதாக ஒரு மைக்செட் கிளம்பியிருந்தது. நாலு குழாய், கலர் பல்புகள். கார்த்திகை முகூர்த்தத்தில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம், அதே நாளில் வாய்க்காலுக்கு அக்கரையில் ஒரு கல்யாணம். எங்கள் தெருவுக்கு அவர், அக்கரைக்கு டவுன் மைக்செட். இரண்டு புதுத் தட்டில் ஒன்றைத்தான் அவரால் வாங்க முடியும். அவர் விட்டதை டவுன்காரர் எடுத்துக்கொள்வார்.

"தம்பி, ஒங்க வாயில வர்றதுதான் எனக்கு வாக்கு" என்றார் சித்தப்பாவிடம். "ரெண்டு கொழாயும் எதிரெதிர பாடப்போவுது. அன்னைக்கு அவன் பாட்டு எடுத்துச்சுன்னா தை மாசத்துக்கு ஒருத்தரும் எங்கிட்ட வரமாட்டாங்க. நானும் எம் பொண்டாட்டியும் நடவுக்குத்தான் போவணும்."

சித்தப்பா சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழம வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிறு ஐப்பசி மழை. கூடத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம், ஈரத்துண்டு வாசனை. ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மைக்செட்காரர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார். சித்தப்பா முதல் தட்டை வைத்தார். மேளமும் டிரம்பெட்டுமாக ஆரம்பமே அமர்க்களம். சித்தப்பா கண்ணை மூடி இடது காதைத் திருப்பினார்.

உள்ளே ஆட்டுக்கல் குடுகுடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது அன்றைக்குப் பொறுக்கவில்லை. ஒரு மனுஷனின் பிழைப்பு சித்தப்பாவின் காதில் இருக்கிறது, மழை வேறு கொட்டுகிறது, இவள் மாவாட்டுகிறாள். டவாலி எழுந்தேன். பூனைபோல் அடுப்படிக்குள் போனேன்.

"அம்மா, நிறுத்து. சித்தப்பாவுக்குப் பாட்டு கேக்க மாட்டேங்குது."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். முழங்கை வரைக்கும் மாவு. கை மட்டும் நிற்கவில்லை.

"சித்தப்பா சொன்னாங்களா?"

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை நான். "ஆமா" என்றேன்.

அம்மா கல்லைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பிறகு குரலை இறக்கி, "பாதி மாவுல எப்படி நிறுத்துறது? கதவச் சாத்திக்கிட்டுப் போ" என்றாள்.

நான் கூடத்துப் பக்கம் வந்து பலாமரக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். பாதிப் பாட்டில் ஆட்டுக்கல்லின் சத்தம் சட்டென்று அறுந்தது. பாட்டும் மழையும் மட்டும் மிச்சம். திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்த சித்தப்பாவின் முகம் மலர்ந்திருந்தது. புருவம் மேலே போயிருந்தது. அவருக்கு இத்தனை நாளும் எவ்வளவு தொந்தரவாக இருந்திருக்கும் என்று நினைத்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

இரண்டாவது தட்டில் ஒரு பாட்டு வெறும் பெண்குரலோடு ஆரம்பித்தது. கருவிகள் வர வெகு நேரம் ஆயிற்று. சித்தப்பா அதைக் கேட்கும்போது நெற்றியைச் சுருக்கினார். தலையை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். வழக்கமில்லாத வழக்கமாக முள்ளைத் தூக்கி மறுபடியும் முதலிலிருந்து வைத்தார். அப்போதும் முகம் தெளியவில்லை. கடைசியில் கண்ணைத் திறந்து, முதல் தட்டின் மேளப் பாட்டுக்குப் பத்து வருஷம் என்றும், இந்தப் பெண்குரல் பாட்டுக்கு ஒரு தீபாவளி என்றும் தீர்ப்புச் சொன்னார். இரண்டாவதைச் சொல்லும்போது குரல் உள்ளே போயிருந்தது. மைக்செட்காரர் ஈரத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். கோர்ட் கலைந்தது. நான் கதவைப் பழையபடி திறந்துவிட்டேன். டவாலி வேலை அத்துடன் முடிந்தது.

மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தலை பின்னும்போது எதையும் முணுமுணுக்கவில்லை. பின்னலை மட்டும் இறுக்கி இழுத்துக் கட்டினாள். சித்தப்பாவுக்கு இட்லி வைத்தபோதும் பேச்சில்லை. ஜலதோஷமோ என்று அவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

கல்யாணத்தன்று மழை விட்டிருந்தது. வாய்க்கால் இரு கரையும் தொட்டு ஓடியது. எங்கள் பக்கத்துக் குழாய்கள் தென்னை மரத்தில், அக்கரைக் குழாய்கள் ஒரு புளியமரத்தில். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. விடிந்ததிலிருந்து எங்கள் பக்கம் மேளப் பாட்டு முழங்கியது. முதல் தடவை இளவட்டங்கள் ஆடினார்கள். இரண்டாவது தடவை சின்னப் பிள்ளைகள் மட்டும் ஆடினார்கள். மூன்றாவது தடவை போட்டபோது பந்தலில் எல்லாரும் அவரவர் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். மைக்செட்காரர் மட்டும் பெட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அம்மா பந்தலுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில், ஏழெட்டுப் பெண்களோடு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பட்டுப் பாவாடையில் சேறு படாமல் அவள் பக்கத்தில் நின்றேன். மைக்செட்காரர் மேளப் பாட்டை மறுபடியும் போடுவதற்காக முள்ளைத் தூக்கி, தட்டைத் துடைத்தார். அந்த இடைவெளியில் அக்கரையிலிருந்து தண்ணீரைத் தாண்டி அந்தப் பெண்குரல் வந்தது.

அம்மாவின் கை நின்றது. அரிவாள்மணையில் ஒரு பூசணிக்கீற்று பாதி வெட்டுப்பட்டபடி அப்படியே இருந்தது. பக்கத்துப் பெண்ணின் கையும் நின்றது. பிறகு அடுத்தவள். சமையல்காரர் கரண்டியோடு வந்து கரையில் நின்றார். நானும் கேட்டேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு முறை கேட்ட அதே பாட்டுதான். ஆனால் அன்றைக்கு யார் காதில் விழுந்தது அது? நான் கதவைப் பற்றியும் அமைதியைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் குரல் ஏறி நின்ற இடத்தில், தூக்கிப் பிடித்திருந்த பாவாடையை நான் சேற்றில் விட்டுவிட்டேன். அப்படி ஒரு பாட்டை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதற்குள் இங்கே மறுபடியும் மேளம் கிளம்பி அதை அமுக்கிவிட்டது. "ச்சே" என்றாள் ஒரு பெண்.

சாம்பார் வாளியோடு அந்தப் பக்கமாகப் போன சித்தப்பா நின்றுவிட்டார். எல்லாரும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூசணிக்கீற்றில் என்ன அதிசயம் என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. சித்தப்பா வாளியைக் கீழே வைத்தார். பந்தலுக்குள் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"நிறுத்துங்கண்ணே" என்றார் மைக்செட்காரரிடம். "அந்தப் பாட்டு முடியட்டும்."

"என்ன தம்பி பேசறீங்க? கல்யாண வூட்டுல கொழா வாயடைச்சு நிக்கலாமா? காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்களே!"

"எந் தப்புண்ணே. நானே சொல்றேன்."

பந்திக்கு ஆட்களைக் கூப்பிட வைத்திருந்த மைக்கை அவரே எடுத்தார். மைக்செட்காரர் முள்ளைத் தூக்கினார். சித்தப்பாவின் குரல் இரண்டு குழாயிலும் வந்தது. "எல்லாருக்கும் வணக்கம். பாட்டு விஷயத்துல நான் தப்பாச் சொல்லிட்டேன். மைக்செட்டு அண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல, நான் சொன்னதத்தான் அவர் வாங்குனாரு. அக்கரையில பாடுது பாருங்க, அதுதான் பத்து வருஷப் பாட்டு. செத்த நேரம் அதக் கேப்போம்."

அவ்வளவுதான். எங்கள் குழாய்கள் ஓய்ந்தன. அக்கரைப் பாட்டின் கடைசிச் சரணம் இரண்டு கரைக்கும் சேர்த்துக் கேட்டது. டவுன் மைக்செட்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. இந்தப் பக்கம் பேசியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் அதையே மறுபடியும் முதலிலிருந்து போட்டார். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நல்ல பாட்டுக்காகத் தன் குழாயையே நிறுத்தினவர் என்று மைக்செட்காரருக்குப் பேர் வந்துவிட்டது. தை மாசத்தில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

சித்தப்பாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பந்தலிலேயே இரண்டு பேர் அவர் காதுபட, "இடது காதுல அழுக்கு போலருக்கு" என்று சிரித்தார்கள். எனக்கு அவர்களைக் கடித்துவிடலாம் போல இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே வாளியைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தார். அம்மாவின் முன்னால் நின்றார்.

"அண்ணி, அன்னைக்கு மொத பாட்டுல பாதியில கல்லு நின்னுச்சே?"

அம்மா தலை நிமிராமல் பூசணிக்காய் நறுக்கினாள். "நான் எங்க நிறுத்துனேன்? அரைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்கதான் சத்தம் எடஞ்சலா இருக்கு, நிறுத்துன்னு சொல்லி அனுப்புனீங்களாம். அதான் கதவச் சாத்தச் சொன்னேன்."

சித்தப்பா என்னைப் பார்த்தார். கல் நின்றதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. என் பொய் பிடிபட்டுவிட்டது என்பது மட்டும் புரிந்தது. பட்டுப் பாவாடையோடு வாய்க்காலில் குதித்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கு எனக்குக் கல்யாணச் சாப்பாடு கிடையாது, வேறு சாப்பாடுதான்.

"ஆமாண்ணி" என்றார் சித்தப்பா. "நாந்தான் சொன்னேன். புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன். இனிமே சொல்லமாட்டேன்."

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம். "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி, சாம்பாரு ஆறிடப் போவுது" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டிருந்தது. அன்று பாயசத்தில் எனக்கு முந்திரி அதிகமாக விழுந்தது. அது சித்தப்பாவின் கை. ஊரார் முன்னால் தோற்றுவிட்டு, வீட்டுக்குள் நான் செய்ததையும் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த மனுஷனை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். அன்றைக்கு நான் முந்திரியை மட்டும் நினைத்தேன்.

அந்தப் பாட்டு? சித்தப்பா சொன்ன பத்து வருஷமும் பொய்யாகிவிட்டது. என் பேத்தி அதைப் பள்ளிக்கூட விழாவில் பாடுகிறாள்.

மார்கழியில் பொங்கல் படத்தின் தட்டு ஒன்று வந்தது. கோர்ட் மறுபடியும் கூடியது. இந்தத் தடவை கூட்டம் குறைவு. மைக்செட்காரர் மட்டும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவின் மானத்தைக் காப்பாற்றுவது இப்போது டவாலியின் பொறுப்பு. பொய் சொல்லாமலேயே செய்துவிடலாம் என்று, அவர் முள்ளை இறக்கும் முன்னாலேயே எழுந்துபோய்ப் பலாமரக் கதவில் கை வைத்தேன்.

"தொறந்து வையி" என்றார் சித்தப்பா, உள்ளே அடுப்படி வரைக்கும் கேட்கும்படி. "வெக்கையா இருக்கு."

வெளியே வாடைக்காற்று. கூடத்தில் பாதிப்பேர் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். பாவம், சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது காதைத் திருப்பிக்கொண்டேன். முதல் பாட்டு முழுக்க ஆட்டுக்கல் விடாமல் ஓடியது. "ஒரு வாரம்" என்றார். மூன்றாவது பாட்டில், பல்லவி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், கல் நின்றது. பாட்டு முடிகிறவரை நின்றே இருந்தது. சித்தப்பா கண்ணை மூடியபடி சிரித்தார்.

கடைசியில் அம்மாவுக்குச் சத்தம் போடாமல் இருக்கத் தெரிந்துவிட்டதே என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.